பங்கீட்டில் பிறந்த பிணைப்பு

ஐதரசன் மூலக்கூற்றை வரையும் மாணவர் இரண்டு எழுத்துக்களின் நடுவே இரண்டு புள்ளிகளை இடுவர். அவற்றை முதன்முதலில் இட்டவர் யாவர் என நான் பலரை வினவியதுண்டு. விடை பகர்ந்தோர் மிகச் சிலரே. ஆதலின் அம்மேதையின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

கில்பேட் நியூட்டன் லூயிஸ் 1875ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே பிறந்தார், நெபிராஸ்காவில் வளர்ந்தார், 1899இல் ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1902ஆம் ஆண்டிலேயே, அணுவை ஒரு கனசதுரமாகவும் அதன் எட்டு மூலைகளை இலத்திரன்களின் இருப்பிடங்களாகவும் தம் குறிப்பேட்டில் வரைந்து வைத்தார். எனினும் அதனை அச்சேற்ற அவர் விரைந்தாரல்லர். கலிபோர்னியாவின் பேர்க்லியிற் பேராசிரியராக அமர்ந்தபின், 1916இலேதான் அக்கருத்து முதிர்ந்து கட்டுரையாக வெளிவந்தது.

கறியுப்பில் நேரேற்றமும் எதிரேற்றமும் ஒன்றையொன்று கவர்ந்து நிற்பது எளிதில் விளங்கும். ஆனால், ஏற்றமில்லா இரு ஐதரசன் அணுக்கள் ஏன் கூடி வாழ்கின்றன? ஓர் இலத்திரன் சோடியை இரண்டும் பொதுவுடைமையாகக் கொள்வதே பிணைப்பு என்றார் லூயிஸ். கருக்கள் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். இடைநின்ற சோடியோ இரண்டையும் ஈர்க்கும். இவ்விசைகள் சமனாகும் தூரம் ஏறத்தாழ 0.74 அங்ஸ்ரொம். ஒரு மூல் ஐதரசனின் பிணைப்புக்களைப் பிரிக்க 436 கிலோயூல் அளவு சக்தி வேண்டும். இவ்வுறவின் ஆழ்ந்த காரணத்தை 1927இல் ஹைற்லர், லண்டன் என்னும் இருவர் குவாண்டம் கொள்கையால் நிறுவினர்.

1919 முதல் இர்விங் லாங்மியூர் என்னும் அறிஞர் இக்கொள்கையை விரித்துரைத்து, பங்கீட்டு வலு என்ற பொருள்படும் பெயரையும் அதற்குச் சூட்டினார். அவர் நாவன்மை மிக்கவர். கொள்கையும் அவருடையதென்றே பலர் கருதலாயினர். லூயிஸின் உள்ளம் நொந்தது. 1932இல் லாங்மியூர் வேறோர் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றார். பன்முறை முன்மொழியப்பட்டும் லூயிஸுக்கு அப்பரிசு கிட்டவில்லை. ஆனால் அவரிடம் பயின்ற யூரேயும், அவர் துறையில் வளர்ந்த ஜியோக், சீபோர்க் முதலியோரும் அதனைப் பெற்றனர்.

1946ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், தம் ஆய்வுகூடத்திலேயே அவர் உயிர் நீத்தார்.

லாங்மியூர் பரப்பியிராவிடின் அக்கொள்கை அத்துணை விரைவில் உலகெங்கும் சென்றிராது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், விதைத்தவனை மறந்து விளைவை உண்பது நன்றன்று. அணுக்கள் தம் உடைமையைப் பங்கிட்டே உறுதி பெறுகின்றன என்று கண்டவர் லூயிஸ். புகழைப் பங்கிடுதலோ மாந்தர்க்கு அத்துணை எளிதாய் அமைவதில்லை.