ஈசினோபில் அணுக்களைக் கண்டறிந்த பால் எர்லிக்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் காணப்படும் ஈசினோபில் என்னும் பெயர், ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் சூட்டியதாகும். அவர் 1854ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், இன்று போலந்து நாட்டில் அமைந்துள்ள ஸ்ட்ரேலன் நகரில் பிறந்தார்.

மாணவப் பருவத்திலேயே சாயங்களைக் கொண்டு உடல் திசுக்களுக்கு நிறமேற்றும் முறையில் அவர் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டார். 1878இல் அளித்த ஆய்வேட்டில் மாஸ்ட் அணுக்களை விவரித்தார். 1879இல், ஈயோசின் என்னும் சிவப்புச் சாயத்தை ஈர்க்கும் வெள்ளையணுக்களை இனங்கண்டு அவற்றிற்கு ஈசினோபில் எனப் பெயரிட்டார். பின்னர் காசநோய்க்கு ஆளாகி, எகிப்தில் தங்கி உடல்நலம் தேறினார். நோய் எதிர்ப்பாற்றல் குறித்த ஆய்வுகளுக்காக 1908இல் மெச்னிகோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1915ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் காலமானார்.

அவர் கண்டறிந்த இவ்விரு அணுக்களும் ஒட்டுண்ணிப் புழுக்களை எதிர்ப்பதில் பங்கேற்கின்றன என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. பாக்டீரியாவைப் போலப் புழுவை ஒரே அணுவால் விழுங்க இயலாது. அது மிகப் பெரியது. எனவே உடல் ஐஜிஇ என்னும் எதிர்ப்புரதத்தை மிகுதியாக உருவாக்குகிறது. மாஸ்ட் அணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளியிடுகின்றன. குடலில் சளி பெருகி, அசைவு மிகுந்து, புழுக்களை வெளியேற்ற முயல்கிறது. ஈசினோபில்கள் புழுவின் மேற்பரப்பில் ஒட்டி, நச்சுப் புரதங்களைச் சொரிகின்றன. எனினும் பல புழுக்கள் இவ்வெதிர்ப்பைத் தணித்து, நெடுங்காலம் உடலில் தங்கிவிடுகின்றன. ஆதலால் மருந்து தேவைப்படுகிறது.

ஈசினோபில் எண்ணிக்கை உயர்ந்திருப்பதால் மட்டுமே புழுத்தொற்று உள்ளது எனக் கொள்ளலாகாது. ஒவ்வாமை, ஆஸ்துமா, சில மருந்துகள் ஆகியவற்றாலும் அது உயரும். எண்ணிக்கை இயல்பாக இருப்பினும் தொற்று இருக்கலாம். புழுக்கள் குடலுக்குள் மட்டுமே தங்கும்போது பெரும்பாலும் உயர்வு காணப்படுவதில்லை. எனவே மலப் பரிசோதனை முதலியவற்றை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும்.

ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்னும் புழு உடலில் இருப்பது அறியப்படாத நிலையில் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டால், எதிர்ப்பாற்றல் தளர்ந்து, அப்புழு பெருகி உயிருக்கு ஆபத்து விளையலாம். ஆகவே ஈசினோபில் உயர்வைக் குறைப்பதற்கென ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்ளுதல் கூடாது. மருத்துவர் ஏற்கெனவே பரிந்துரைத்துள்ள ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் தவறாகும். பழைய பரிசோதனை அறிக்கைகளையும், உட்கொள்ளும் மருந்துகளின் விவரத்தையும் பராமரிப்பாளர்கள் மருத்துவரிடம் காண்பித்தல் வேண்டும்.