நான் பார்க்காத ஆசிரியர்: ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. உங்களை உருவாக்கிய ஆசிரியர் ஒருவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தாருங்கள் என்றார்கள். நம் பேராசிரியர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியுள்ள சீனியர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தவரோ நம் கல்லூரி வாசலை மிதித்ததே இல்லை. 2006-இல் நான் முதலாண்டு சேர்ந்தபோது அவர் காலமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் நூலகத்தின் கம்ப்யூட்டர் அலமாரியில், முதுகு பிய்ந்து செல்லோடேப் ஒட்டிய ஒரு தடிப் புத்தகமாக அவர் நான்கு வருஷமும் நம்மோடுதான் இருந்தார். டபிள்யூ. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ். புத்தகத்தின் பெயர் யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங். சி.எஸ்., ஈ.சி.இ. பிரிவு நண்பர்கள் இப்போதே தலையாட்டுவார்கள்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். படிக்கிற காலத்தில் நான் அந்தப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்ததில்லை. லேப் தேர்வுக்கு எந்த புரோகிராம் வரும் என்று விசாரித்து, அந்தப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, காசிமேட்டிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றபடியே மனப்பாடம் செய்து ஒப்பேற்றியவன் நான். ஏழாவது அத்தியாயம் தேர்வுக்கு வராது என்று யாரோ சொன்னார்கள். அதனால் அதைத் தொடவேயில்லை. அந்த அத்தியாயத்தின் தலைப்பு சாக்கெட் ஆப்ஷன்ஸ். தொடாததற்குப் பின்னால் நான் கொடுத்த விலையும், இந்த மனிதரின் கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஸ்டீவன்ஸ் பிறந்தது 1951 பிப்ரவரி 5, ஆப்பிரிக்காவில். அன்று வட ரொடீஷியா என்றும் இன்று ஜாம்பியா என்றும் சொல்லப்படும் நாட்டில், லுவான்ஷ்யா என்கிற தாமிரச் சுரங்க ஊர். அப்பாவுக்குச் சுரங்கத் தொழில். வேலை போன இடமெல்லாம் குடும்பமும் போயிற்று: அமெரிக்காவில் சில ஊர்கள், பிறகு தென்னாப்பிரிக்கா. பள்ளிப் படிப்பு வர்ஜீனியாவில் ஒரு ராணுவப் பள்ளியில். 1973-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம், கவனியுங்கள், கம்ப்யூட்டரில் இல்லை, விண்வெளிப் பொறியியலில். விமானம் ஓட்டுவதில் ரொம்பப் பிரியம். எழுபதுகளில் பகுதிநேரமாக விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் செய்தார்.

1975-இல் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகருக்கு வந்து, கிட் பீக் தேசிய வானாய்வு நிலையத்தில் புரோகிராமராகச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே அரிசோனா பல்கலைக்கழகத்தில் சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங்கில் 1978-இல் முதுகலை, 1982-இல் டாக்டர் பட்டம். பிறகு எட்டு வருஷம் கனெக்டிகட்டில் மருத்துவத் துறை சார்ந்த ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவின் துணைத் தலைவர். 1990-இல் முதல் புத்தகம் வெளிவந்தது. அதே வருஷம் டூசானுக்கே திரும்பினார். அதன்பின் எழுத்தும் ஆலோசனைப் பணியும்தான் பிழைப்பு. வேறு முதலாளி இல்லை.

பெர்க்லியில் யூனிக்ஸ் நெட்வொர்க் கோடை எழுதிய குழுவில் அவர் இல்லை. டிசிபியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரும் இல்லை. 1983-இல் 4.2 பிஎஸ்டி என்கிற பெர்க்லி யூனிக்ஸோடு சாக்கெட் உலகத்துக்கு வந்தது. சாக்கெட் என்றால், மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு புரோகிராம் இன்னொரு மெஷினிலுள்ள புரோகிராமோடு பேசக் கையில் பிடித்திருக்கும் ரிசீவர் மாதிரி. அந்த ரிசீவருக்குப் பின்னால் சிறு சிறு விசைகள் உண்டு. அவைதான் ஆப்ஷன்கள். செட்-சாக்-ஆப்ட் என்கிற ஒரே அழைப்பில் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளே இருக்கும் அந்த விசையை மேலேயோ கீழேயோ தட்டலாம். அழைப்பு ஒரு வரி. தட்டினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் பெரிய கதை. மேனுவலில் அதற்கு இரண்டு வரிதான் இருக்கும்.

ஸ்டீவன்ஸ் அந்த விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அவர் செய்த பெரிய காரியமே இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஏழாவது அத்தியாயத்தின் ஆரம்பத்தில் ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. உங்கள் மெஷினில் எந்தெந்த ஆப்ஷன் இருக்கிறது, ஒவ்வொன்றின் ஆரம்ப மதிப்பு என்ன என்று அது அச்சடித்துக் காட்டும். நான் சொல்வதை நம்பாதே, நீயே ஓட்டிப் பார் என்கிற தோரணை. 1994-இல் வந்த டிசிபி/ஐபி இல்லஸ்ட்ரேட்டட் முதல் பாகத்தில், தானே இணைத்து வைத்த ஒரு சிறு நெட்வொர்க்கின் படத்தை அட்டையின் உள்பக்கத்திலேயே போட்டார். மெஷின்களுக்குச் சன், பிஎஸ்டிஐ, எஸ்விஆர்4, ஸ்லிப் என்று பெயர். அவற்றுக்கிடையே போன பாக்கெட்டுகளை டிசிபி-டம்ப் கொண்டு பிடித்து, நேரக் கோடு போட்டு விளக்கினார். அடுத்த வருஷம் கேரி ரைட்டோடு சேர்ந்து எழுதிய இரண்டாம் பாகத்தில், பெர்க்லி நெட்வொர்க் கோடு சுமார் 15,000 வரியையும் அச்சிட்டு வரிவரியாக விளக்கம். செட்-சாக்-ஆப்ட் அழைத்ததும் கெர்னலுக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதற்கு அதிலே தனி அத்தியாயமே உண்டு. விஎஸ்என்எல் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இங்கே டயல் டோன் வருமுன்பே அங்கே ஒருவர் எஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார்.

என் கதைக்கு வருகிறேன். பட்டம் வாங்கி மூன்றாவது வருஷம். வடசென்னைப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்குக்கு நானும் இன்னொருவரும் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தோம். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் எங்கள் ஏரியாவில் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்பது எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த லாரிகள் கேட்டைத் தாண்டும்போது உள்ளே, வெளியே என்று பதிவு செய்து ஆபீஸ் சர்வருக்கு அனுப்புகிற புரோகிராம் என்னுடையது. சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினால் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஏறவே ஏறாது. முகவரி ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது என்று முரண்டு பிடிக்கும். லாரி டிரைவர்கள் ஹாரன் அடிக்க, சூப்பர்வைசர் கத்த, நான் வேர்த்துக்கொட்ட நின்றேன்.

காரணம் டைம்-வெயிட் என்கிற நிலை. டிசிபி இணைப்பை முதலில் மூடும் பக்கம் உடனே எல்லாவற்றையும் துடைத்துவிடாது. கொஞ்ச நேரம் காத்திருக்கும். லினக்ஸில் அது 60 விநாடி. கேட்டில் கொடுக்கும் டோக்கனை வைத்து யோசியுங்கள். ஒரு நம்பர் டோக்கன் வாங்கிய லாரி இன்னும் ரோட்டில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்க, அதே நம்பரை வேறு லாரிக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? பழைய பாக்கெட் புது இணைப்புக்குள் நுழைந்துவிடக் கூடாது, கடைசி ஒப்புதல் வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்ப ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் காவல்.

எனக்கு அப்போது இது தெரியாது. யாரோ சொன்னதைக் கேட்டு லிங்கர் என்கிற ஆப்ஷனைப் போட்டு, நேரத்தைப் பூஜ்யம் ஆக்கினேன். இரண்டு பக்க புரோகிராமுக்கும் பொதுவான ஃபங்ஷனில் போட்டதால் கேட் பக்கத்துக்கும் அதுவே பொருந்திற்று. தொல்லை மாயமாய் மறைந்தது. சர்வர் சட்டென்று ஏறியது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் 14 லாரிகளின் வெளியேறும் பதிவு இல்லை. கேட்டில் ராத்திரி டூட்டி பார்த்த செக்யூரிட்டி அண்ணன் மேல் பழி விழுந்தது. பதிவு செய்யாமல் லாரியை விட்டுவிட்டார், காசு வாங்கியிருப்பார் என்று பேச்சு. எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருப்பவர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், முதுகு வலியால் இந்த வேலைக்கு வந்தவர். அவர் ஒரு கோடு போட்ட நோட்டில் லாரி நம்பர், நேரம் எல்லாம் எழுதி வைத்திருந்தார். அதில் 14-உம் இருந்தது. அப்படியென்றால் தப்பு என் பக்கம்.

அன்றைக்கு ராத்திரிதான் ஏழாவது அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். லிங்கர் நேரம் பூஜ்யமாக இருந்தால், மூடியவுடனே அனுப்பப்படாமல் பஃபரில் கிடக்கும் தகவலை டிசிபி குப்பையில் போட்டுவிட்டு, எதிர்முனைக்கு ரீசெட் அனுப்பிவிடும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். கேட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவிலிருந்த வயர்லெஸ் லிங்க் மந்தமான ராத்திரிகளில் கடைசிப் பதிவுகள் அப்படித்தான் போயிருக்கின்றன. டைம்-வெயிட்டைப் பகையாளியாகப் பார்க்காதே, உனக்கு உதவத்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. சர்வர் உடனே ஏறவேண்டுமென்றால் அதற்கு வேறு விசை: ரீயூஸ்-அட்ரஸ். பைண்ட் செய்வதற்கு முன்னால் போடவேண்டும். எல்லா டிசிபி சர்வரும் போடவேண்டும் என்கிறார். ஒரே வரி. இன்னொன்றும் சொல்கிறார். லிங்கரில் நேரம் கொடுத்துக் காத்திருந்தாலும், எதிர்முனை டிசிபி தகவலை வாங்கிக்கொண்டது என்றுதான் தெரியுமே தவிர, அங்கேயிருக்கும் புரோகிராம் அதைப் படித்ததா என்பது தெரியாது. அது தெரியவேண்டுமானால் புரோகிராமே பதில் அனுப்பவேண்டும்.

இரண்டையும் செய்தேன். மறுநாள் காலை மேனேஜர் அறையில், செக்யூரிட்டி அண்ணனையும் கூப்பிட்டு நிற்க வைத்து, தவறு என்னுடையது என்று சொல்லி எழுதியும் கொடுத்தேன். எங்களுக்கு வரவேண்டிய கடைசித் தவணைப் பணம் வரவில்லை. அவருக்கு வேலை போகவில்லை.

அந்த அத்தியாயத்தில் கீப்அலைவ் பகுதி வந்தபோது எனக்கு நைனா ஞாபகம் வந்தது. அவர் விசைப்படகு டிரைவர். எதிர்முனை மெஷின் கரன்ட் போய் அணைந்துவிட்டால் இந்த முனைக்குத் தானாகத் தெரியாது. பேச்சு இல்லையென்றால் சும்மா இருக்கிறானா, செத்தே போனானா? கீப்அலைவ் போட்டால் இரண்டு மணி நேரம் மௌனத்துக்குப் பிறகு டிசிபி கூப்பிட்டுப் பார்க்கும். லினக்ஸில் 75 விநாடிக்கு ஒரு தடவை, ஒன்பது தடவை. பதில் இல்லையென்றால் இணைப்பு போயிற்று என்று முடிவு. காற்று மாறிய நாட்களில் காசிமேட்டில் வயர்லெஸ் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு இரண்டு மணி நேரம் என்றால் என்ன என்று தெரியும். இந்த இரண்டு மணி யாருக்குச் சரி, யாருக்குச் சரியில்லை என்று யோசிக்க வைத்ததே ஸ்டீவன்ஸ்தான். நோடிலே ஆப்ஷனும் அப்படித்தான். 1984-இல் ஜான் நேகிள் கொண்டுவந்த விதிப்படி, முன்னால் போன சின்ன பாக்கெட் சேர்ந்த செய்தி வரும்வரை அடுத்த துணுக்குகள் ஆள் சேரக் காத்திருக்கும், ராயபுரம் ஷேர் ஆட்டோ மாதிரி. ஒரு எழுத்துக்கு 40 பைட் தலைப்பு சுமக்கும் வீணைத் தவிர்க்க வந்த விதி அது. நோடிலே போட்டால் ஒரு ஆள் ஏறினாலும் வண்டி கிளம்பிவிடும். எப்போது போடவேண்டும், எப்போது கூடாது என்பதுதான் கேள்வி.

ஸ்டீவன்ஸ் தன் புத்தகங்களின் பக்கங்களையும் தானே ட்ராஃப் கொண்டு அமைத்து, அச்சுக்குத் தயாராகத்தான் பதிப்பகத்துக்குக் கொடுப்பார். 1993-இல் வந்த வெய்ன்ஸ் வேர்ல்ட் 2 என்கிற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தில் அவருடைய முதல் புத்தகம் ஒரு காட்சியில் தலைகாட்டுகிறது. நெட்வொர்க் பாடப் புத்தகத்துக்கு இந்த யோகம் வேறு எங்கே வாய்க்கும்! 1998-இல் முதல் புத்தகத்தைப் பிரித்துப் புதிதாக எழுதி இரண்டாம் பதிப்பாகக் கொண்டுவந்தார். ஐபிவி6-க்காக சாக்கெட்டை விரிவாக்கும் ஆர்எஃப்சி 2553 என்கிற ஆவணத்திலும், டிசிபி நெரிசல் கட்டுப்பாடு பற்றிய 2581-இலும் அவர் பெயர் உண்டு. இரண்டும் 1999-இல் வந்தவை. அந்த வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி காலமானார். வயது 48. மனைவி, மூன்று பிள்ளைகள். 2000-இல் யூஸ்நிக்ஸ் அமைப்பு தன் வாழ்நாள் சாதனை விருதை அவர் மறைவுக்குப் பின் வழங்கியது.

யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங்கின் மூன்றாம் பதிப்பை பில் ஃபென்னரும் ஆண்ட்ரூ ருடாஃபும் முடித்துக் கொடுத்தார்கள். அதிலும் சாக்கெட் ஆப்ஷன்ஸ் ஏழாவது அத்தியாயம்தான். பழைய மூர் மார்க்கெட் கடையில் வாங்கிய என் பிரதியைப் போன மாதம் நம் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். ஓரங்களில் பென்சிலில் கிறுக்கியிருப்பது நான்தான், பொறுத்துக்கொள்ளவும். லிங்கர் பற்றிய பக்கத்தில் 14 லாரி நம்பர்கள் எழுதியிருக்கும். அதை மட்டும் யாரும் அழித்துவிடாதீர்கள்.