போருக்குக் கணக்கெழுதியவர்

ஆண்டு மலரில் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது நம் சங்கத்தார் போற்றி வரும் வழக்கம். புலவர், புரவலர், நாட்டுத் தொண்டர் எனப் பலர் வரலாற்றை முந்தைய மலர்களில் கண்டோம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டவர் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். லூயிஸ் பிரை ரிச்சர்ட்ஸன் என்னும் ஆங்கிலேயர், கணித அறிஞர். அவரை நம் குடியிருப்பினருக்கு அறிமுகம் செய்வானேன் என்று அன்பர்கள் வினவக்கூடும். காரணம் உண்டு; உரிய இடத்தில் சொல்லுவோம்.

நாடுகள் ஏன் போரிடுகின்றன என்பது இன்று பல்கலைக்கழகப் பாடம். நம் தலைநகரிலேயே 1955-ஆம் ஆண்டில் சப்ரு மாளிகையில் தொடங்கப்பெற்ற சர்வதேசவியல் பள்ளி, 1970-இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அத்தகைய துறைகளில் போரை எண்களைக் கொண்டு ஆராயும் முறை ஒன்று உண்டு. அம்முறைக்குக் கால்கோள் செய்தவருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ரிச்சர்ட்ஸன். அவரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியில் ஒருநாளும் அமர்ந்தவர் அல்லர்.

இங்கிலாந்தின் வடபால் உள்ள நியூகாசில் நகரில் 1881-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11-ஆம் நாள் பிறந்தார். எழுவர் மக்களுள் இளையவர். தந்தையார் தோல் பதனிடும் தொழிலில் செல்வம் ஈட்டியவர். குடும்பத்தார் குவேக்கர் என்னும் நண்பர் கழகத்தைச் சார்ந்தவர். எக்காரணம் கொண்டும் படைக்கலம் எடுத்தல் ஆகாது என்பது அக்கழகத்தார் கொள்கை. கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானங்களைப் பயின்று 1903-இல் முதல் வகுப்பில் தேறினார். புகழ்பெற்ற நடிகர் ரால்ப் ரிச்சர்ட்ஸன் இவருடைய அண்ணன் மகனே; திரைப்பட அன்பர்களுக்காக இதனைக் குறித்து வைத்தோம்.

அதன்பின் பத்தாண்டுக் காலம் ஓரிடத்தில் நில்லாமல் பல பணிகளைப் பார்த்தார். தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம், கரிமண் நிறுவனம், மின்விளக்குத் தொழிற்சாலை என அப்பட்டியல் நீளும். அவற்றுள் இரண்டு செய்திகள் மட்டும் நினைக்கத்தக்கன. கல்லணை ஒன்றில் அழுத்தம் எவ்வாறு பரவி நிற்கும் என்பதனைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கூட்டல் கழித்தலால் காணும் வழியை 1910-இல் வெளியிட்டார். அதற்காகக் கணக்குப் போடும் பையன்களைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார். டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கிய 1912-இல், எதிரொலியைக் கொண்டு பனிமலையை அறியும் கருவிக்கு உரிமை கோரி அவ்வேப்ரல் திங்களிலேயே விண்ணப்பம் செய்தார். 1909-இல் டாரதி கார்னெட் என்னும் அம்மையாரை மணந்தார். மக்கட்பேறு வாய்க்காமையால் பின்னாளில் மூன்று குழந்தைகளை எடுத்து வளர்த்தனர்.

1913-இல் ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்மூர் வானிலை ஆய்வகத் தலைமை அவரை வந்தடைந்தது. மழையும் தனிமையும் மிக்க இடம். நாளைய வானிலையைப் பழைய அனுபவத்தால் ஊகிப்பதை விடுத்து, காற்றின் இயக்கத்தைக் கூறும் சமன்பாடுகளைக் கொண்டு கணக்கிட்டுக் கூறல் இயலாதா என்னும் வினாவை அவர் அங்கே நாள்தோறும் சிந்தித்தார். மறுவாண்டு முதல் உலகப் போர் மூண்டது.

ஈண்டுத்தான் அவர் வாழ்வில் முதற் சோதனை. படையிற் சேர மனச்சான்று இடந்தரவில்லை. ஊர்ப் பிள்ளைகள் ஆயிரம் ஆயிரமாக மடியும்போது ஆய்வகத்தில் மழையளந்து கொண்டிருக்கவும் உள்ளம் ஒருப்படவில்லை. 1916-இல் பதவியைத் துறந்தார். நண்பர் கழகத்தாரின் மருத்துவ வண்டிப் பிரிவிற் சேர்ந்து, பிரெஞ்சுப் படையோடு இணைந்த பதின்மூன்றாம் எண் பிரிவின் வண்டியோட்டி ஆனார். குண்டு விழும் பாதையில் குற்றுயிராய்க் கிடந்தோரை ஏற்றிச் செல்வதே பணி. 1919 வரை அப்பணியில் இருந்தார்.

ஓய்வு நேரத்தில் வைக்கோற் குவியலை மேசையாகக் கொண்டு அவர் தம் வானிலைக் கணக்கைப் போட்டு வந்தார். 1910-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் காலை ஐரோப்பாவில் அளந்து வைத்திருந்த அளவுகளை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்று கண்டறிவதே அக்கணக்கு. ஆறு மணி நேர மாறுதலைக் கணக்கிட ஆறு வாரம் ஆயிற்று! விடையோ 145 மில்லிபார் என வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. இத்துணைப் பெரிய பிழையை வேறொருவராயின் அடுப்பில் இட்டிருப்பர். ரிச்சர்ட்ஸனோ பிழை எங்கு நேர்ந்திருக்கலாம் என்னும் ஆராய்ச்சியோடு அதனை அப்படியே அச்சிட்டார். கையெழுத்துப்படி 1917-இல் ஷாம்பேன் போரின்போது காணாமற்போய், சில திங்கள் கழித்துப் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியிற் கிடைத்தது. நூல் 1922-இல் வெளிவந்தது. பெரிய வட்ட மண்டபத்தில் 64,000 பேர் அமர்ந்து உலக வானிலையைக் கணக்கிடும் கற்பனைக் காட்சி ஒன்றை அந்நூலில் வரைந்திருக்கிறார். தொடக்க அளவுகளைச் சீர்செய்து கொண்டால் அவருடைய முறையே நல்ல விடை தரும் என்பதனை அயர்லாந்து அறிஞர் பீட்டர் லிஞ்ச் பின்னாளில் மீளக் கணக்கிட்டுக் காட்டினார்.

போர்முனையில் மற்றொரு கணக்கும் அவர் உள்ளத்தில் முளைத்தது. காற்றின் சுழற்சிக்குச் சமன்பாடு உண்டெனின் மக்கள் கூட்டத்தின் சினத்திற்கு அஃது இல்லாது போமோ? போரின் உளவியலைக் கணித வழியிற் கூறும் சிறு நூலொன்றை எழுதினார். வெளியிடுவார் இல்லை. 1919-இல் தம் கைப்பொருளைக் கொண்டே 300 படிகள் அச்சிட்டு நண்பர்க்கு வழங்கினார். நூலை உரிமை செய்தது, உடன் வண்டியோட்டிய தோழர்களுக்கு.

போர் முடிந்ததும் வானிலைத் துறையிலே மீண்டும் சேர்ந்தார். 1920-இல் அத்துறை விமானப்படையையும் ஆளும் அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டது. படைத்துறையின் கீழ்ப் பணிபுரிதல் தகாதென்று அன்றே விலகினார். இது இரண்டாம் துறவு. மூன்றாவது இதனினும் கொடிது. மேற்காற்றின் கலக்கத்தைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சியை ஆர்வத்தோடு கேட்டு வந்தோர் நச்சுப்புகை வல்லுநர் என்பது தெரிய வந்தது. புகை எவ்வாறு பரவும் என்று அறிய அவர்கட்கு அவ்வாராய்ச்சி பயன்படும் அன்றோ? அச்சேறாதிருந்த தாள்களை அழித்துவிட்டு அத்துறையினின்றும் ஒதுங்கினார். இல்லத்தில் அது துயர்மிகுந்த காலம் என்பதை டாரதி அம்மையார் பின்னர்க் குறித்துள்ளார். பிழைபட்ட கணக்கை மறையாது அச்சிட்டவர், பிழையற்ற கணக்கைத் தம் கையாலேயே அழித்தார். இச்செயல் சரிதானா என்று நம்மிற் பலர் வழக்காடலாம். ஒருவர் மறைத்தால் மற்றொருவர் கண்டுபிடியாரோ என்னும் கேள்வி நமக்கும் எழுகிறது. ஆயினும் இழப்பு முழுவதையும் தாமே ஏற்றவரைக் குறைகூற நாவெழவில்லை.

ஆசிரியத் தொழிலால் வாழ்க்கை நடந்தது. முதலில் லண்டனில் ஒரு பயிற்சிக் கல்லூரி. 1929 முதல் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி தொழில்நுட்பக் கல்லூரியின் தலைமை. 1926-இல் ராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்பெருமை பெற்ற பிறகும், ஐம்பதை நெருங்கிய வயதில், உளவியலில் பட்டத் தேர்வுக்கு மாணவரைப் போல் அமர்ந்து தேறினார். எல்லாம் அந்தப் பழைய வினாவுக்காகவே.

அவருடைய ஆயுதப் போட்டிக் கொள்கையை விளங்கிக்கொள்ள நம் குடியிருப்பையே எடுத்துக்கொள்ளலாம். கீழ்த்தளத்து இரு வீட்டார். ஒருவர்பால் மற்றவர்க்கு ஐயம். ஒருவர் மதிலை ஓர் அடி உயர்த்துகிறார். மற்றவர் அஞ்சி இரண்டடி உயர்த்துகிறார். முன்னவர் கண்ணாடிச் சில் பதிக்கிறார். எதுவரை? செங்கல் விலை கையைக் கடிக்கும் வரை. அண்டை வீட்டார்பால் அச்சம், தம் செலவின் சுமை, பழைய மனத்தாங்கல் என்னும் இம்மூன்றையும் மூன்று உறுப்புகளாக வைத்து அவர் சமன்பாடு அமைத்தார். சுமை அச்சத்தை வென்றால் போட்டி ஓரிடத்தில் நிலைபெறும். அச்சம் சுமையை வென்றால் எல்லையின்றி ஏறும். ஒருபுறம் பிரான்சும் ரஷ்யாவும், மறுபுறம் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1909 முதல் 1913 வரை செய்த படைச்செலவைப் பொருத்திப் பார்த்தார். செலவும் அதன் ஏற்றமும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழுந்தன. இவ்வாராய்ச்சி விரிவாக வெளிவந்தது 1939-இல்! உலகம் அதனைப் படிக்கும் நிலையில் இல்லை.

1940-இல் கல்லூரித் தலைமையைக் காலத்திற்கு முன்பே விட்டு, இருந்த வருவாயையும் சுருக்கிக்கொண்டு, முழுநேரமும் போராய்ச்சியில் இறங்கினார். சொந்தக் கொள்கையை மெய்ப்பிக்க வேண்டுமாயின் எல்லாப் போர்களையும் எண்ணியாக வேண்டும். 1820-ஆம் ஆண்டுக்குப் பின் உலகில் நிகழ்ந்த கொலைச் சண்டைகள் அனைத்தையும் அட்டவணை செய்யத் தொடங்கினார். எது புரட்சி, எது போர், எது கலகம் என்று வரலாற்றாசிரியர் சண்டையிடுவர். வென்றவர் சூட்டும் பெயர் வேறு, தோற்றவர் சூட்டும் பெயர் வேறு. ரிச்சர்ட்ஸன் பெயரை நீக்கிவிட்டு இறந்தோர் தொகையை மட்டும் கொண்டார். அதிலும் தொகையை அப்படியே கொள்ளாமல், நில நடுக்கத்தை அளப்பார் போல மடக்கையால் அளந்தார். ஆயிரவர் இறந்தால் அளவு மூன்று. பதினாயிரவர் எனின் நான்கு. பத்து லட்சம் எனின் ஆறு. ஒருவரை ஒருவர் கொல்லும் தனிக்கொலை சுழியம். தெருச் சண்டையும் உலகப் போரும் ஒரே அளவுகோலில் ஏறின.

முந்நூறு பேருக்கு மேல் மாண்ட போர்கள் 315 எனக் கண்டார். ஏழாம் அளவை எட்டியவை இரு உலகப் போர்களே. அவ்விரண்டில் மட்டும் ஏறக்குறைய மூன்று கோடியே அறுபது லட்சம் பேர் மாண்டனர். சண்டையால் நேர்ந்த சாவு அனைத்திலும் அஃது ஐந்தில் மூன்று பங்கு. அதற்கடுத்த பெருந்தொகை தனிக்கொலைகளால் வந்தது. இடைப்பட்ட போர்களும் கலகங்களும் எல்லாம் சேர்ந்தும் கால்பங்கை எட்டவில்லை.

ஆறாம் அளவில் அமைந்தவை ஏழு. சீனத்துத் தைப்பிங் கலகம், அமெரிக்க உள்நாட்டுப் போர், ஸ்பெயின் உள்நாட்டுப் போர் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் 1946 முதல் 1948 வரை இந்தியத் துணைக்கண்டத்தில் நிகழ்ந்த வகுப்புக் கலவரமும் இடம்பெற்றுள்ளது. தொடக்கத்திற் குறித்த காரணம் இதுவே. நம் குடியிருப்பின் அண்டைத் தெருவில் 1947-இல் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்து குடியேறியோர் உளர். நவராத்திரிக்கு நம் வீட்டுக் கொலுக் காண வரும் மூதாட்டி ஒருவர், ரயில் நிலையத்தில் கைவிட்டுப் போன தம்பியைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் ஒரே சொற்களால் சொல்லிக் கொண்டிருந்தார். போர் என்று நம் பாடநூல்கள் அதனைக் கூறவில்லை. பிரிவினை என்றன, கலவரம் என்றன. ஸ்காட்லாந்தில் அமர்ந்திருந்த ஒருவர் அதனைப் பெரும் போர்களின் வரிசையில் வைத்து எழுதினார். அந்தத் தம்பி அக்கணக்கில் ஒருவனாக இருந்திருக்கக் கூடும்.

கண்ட முடிவுகள் பலருக்கு ஏமாற்றம் அளிப்பன; அவருக்கும் அளித்திருக்கும். போர்கள் ஆண்டுதோறும் தற்செயலாக வீழ்வன போன்றே பரவியிருந்தன. உலகம் சண்டையில் வளர்கிறது என்றோ தணிகிறது என்றோ அறுதியிட இயலவில்லை. ஒரே மொழி பேசுவோர் ஒற்றுமையாய் இருப்பர் என்பதும் மெய்ப்படவில்லை; ஸ்பானிஷ் மொழியினர் எதிர்பார்த்ததினும் மிகுதியாகப் போரிட்டிருந்தனர், சீன மொழியினர் குறைவாகப் போரிட்டிருந்தனர். ஆயுதப் போட்டி முன்செல்ல மூண்ட போர்கள் சிறுபான்மையே. தம் கொள்கையின் வீச்சைக் குறைக்கும் இச்செய்தியையும் அவர் மறைத்தாரில்லை. தெளிவாகப் புலப்பட்டது ஒன்று: எல்லைகள் மிகுதியாக உள்ள நாடு மிகுதியாகப் போரிடுகிறது.

அவ்வாறாயின் எல்லையின் நீளத்தை அளக்க வேண்டுமே என்று புகுந்தார். அங்கே ஒரு விந்தை. ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடைப்பட்ட எல்லை ஒரு கணக்கில் 987 கிலோமீட்டர். மற்றொரு கணக்கில் 1,214. பொய்யுரைத்தவர் எவருமிலர். அளவுகோல் சிறுத்தால், வளைவுகள் மேலும் புலப்பட்டு நீளம் வளர்கிறது! பின்னர் மாண்டல்பிராட் என்னும் கணித அறிஞர் 1967-இல் பிரிட்டனின் கடற்கரை நீளம் பற்றி எழுதிய கட்டுரை இதனை அடியாகக் கொண்டது. அதிலிருந்து கணிதத்தில் ஒரு புதுக்கிளையே தழைத்தது.

போர்நூல்கள் இரண்டையும் வெளியிடப் பதிப்பகத்தார் முன்வரவில்லை. கணித அறிஞர்க்கு அவை அரசியல். அரசியல் அறிஞர்க்கு அவை கணிதம். மைக்ரோபிலிமில் பிடித்து வேண்டுவோர்க்கு விற்றார். 1950-இல் அமெரிக்காவில் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி கொண்டு முதன்முதலாக வானிலையைக் கணக்கிட்டவர்கள் அம்முடிவுகளை அவருக்கு அனுப்பினர். மகிழ்ந்து மறுமொழி எழுதினார். ஸ்காட்லாந்தின் கில்மன் சிற்றூரில் 1953 செப்டம்பர் 30-ஆம் நாள் காலமானார்.

நூல்கள் இரண்டும் 1960-இல் அமெரிக்காவில் அச்சேறின. அதற்கு முன்பே, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1957-இல் தோன்றிய மோதல் ஆராய்ச்சி இதழ் முதலாண்டிலேயே அவர் வரலாற்றை வெளியிட்டது. அங்கேயே 1963-இல் டேவிட் சிங்கர் என்பார் போர்களின் பட்டியலைப் புதிதாகவும் விரிவாகவும் தொகுக்கத் தொடங்கினார். இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் அமைதி ஆராய்ச்சி நிலையம் ரிச்சர்ட்ஸன் பெயரைத் தாங்குகிறது. போருக்குரிய காரணத்தை எண்ணிக்கையில் அடக்க இயலாதென்று இன்றும் மறுப்போர் உளர். அவர்கள் கூற்றிலும் பொருளுண்டு. தலைவர்களின் செருக்கும் மடமையும் அவர் சமன்பாட்டில் ஏறவில்லை என்பது மெய்யே.

அவர் இறுதி நாட்களைக் கழித்த கில்மன், ஹோலி லாக் என்னும் கடற்கழியின் கரையில் உள்ளது. அவர் மறைந்து எட்டாண்டுகள் கழித்து, 1961-இல், அமெரிக்கக் கடற்படையின் அணு ஏவுகணை நீர்மூழ்கிகள் அக்கழியைத் தம் தளமாகக் கொண்டு வந்து நின்றன. 1992 வரை அங்கேயே இருந்தன.