காற்றைச் சுருதி சேர்த்த இராணுவ மருத்துவர்

கெத்தில் ஆறு மூடா ஆற்றில் கலக்கும் இடம்தான் எங்கள் ஊர், கோலா கெத்தில். மாலையில் தோட்டத்துச் சாலையோரம் நின்றால் கார் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் பாட்டு நெஞ்சில் வந்து இடிக்கும். எனக்கும் அந்த ஆசை வந்தது. மாமாவின் பழைய புரோட்டோன் சாகாவுக்காக, யாரோ பயன்படுத்திய 12 அங்குல சப்வூஃபர் ஒன்றை என் சேமிப்பில் வாங்கினேன். பலகை அறுத்துப் பெட்டியை நானே செய்தேன். முன்பலகையில் துளையிட்டு 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயையும் பொருத்தினேன். பாட்டைப் போட்டால் எந்த மேளமும் ஒரே 'கும்' என்றுதான் ஒலித்தது. சப்வூஃபர் பழுது என்று நினைத்து அதை விற்கவும் துணிந்துவிட்டேன்.

விற்பதற்கு முன், அந்தக் குழாய்க்கு என்னதான் வேலை என்று தேடிப் படித்தேன். அப்போது அறிமுகமானவர்தான் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

அவர் 1821 ஆகஸ்டு 31ஆம் நாள் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில், ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். பௌதிகம் படிக்க வேண்டும் என்பது அவர் கனவு. குடும்பத்தில் அதற்குப் பணம் இல்லை. இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்ற ஒப்புக்கொண்டால் அரசு செலவில் மருத்துவம் படிக்கலாம் என்ற வாய்ப்பு இருந்தது. அதையே ஏற்றார். மின்னியல் படிக்க ஆசைப்பட்டுக் கணக்கியலில் சேர்ந்திருக்கும் எனக்கு, இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்த முடியவில்லை.

பாசறையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே அவர் தசைகளில் உண்டாகும் வெப்பத்தை ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சி, ஆற்றல் அழிவதில்லை, வடிவம் மட்டுமே மாறுகிறது என்ற முடிவுக்கு அவரைக் கொண்டு சென்றது. 1847இல் அதைக் கட்டுரையாக எழுதியபோது அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை. முன்னணி பௌதிக இதழ் அதை வெளியிட மறுத்தது. அவர் அதைச் சிறுநூலாக அச்சிட்டார். இன்று நம் பள்ளிப் பாடநூலில் உள்ள ஆற்றல் அழியாமை விதிக்கு அடித்தளமிட்ட எழுத்துகளில் அதுவும் ஒன்று.

1849இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியரானார். நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளக்கவே முடியாது என்று பலர் நம்பிய காலம் அது. அவர் தவளையின் நரம்பில் அதை அளந்து காட்டினார். வினாடிக்குச் சுமார் 30 மீட்டர், அதாவது நெடுஞ்சாலையில் ஓடும் காரின் வேகம்தான். உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் பார்க்க உதவும் கருவியை 1851இல் வெளியிட்டார். மருத்துவப் படிப்பு வீண்போகவில்லை.

அடுத்து அவர் கவனம் காதின் பக்கம் திரும்பியது. பல சுரங்கள் கலந்து வரும் ஓசையை நம் காது எப்படிப் பிரித்து அறிகிறது? 1858இல் ஹைடல்பெர்க் சென்றார். அடுத்த ஆண்டே மனைவி ஓல்கா நோயுற்று இறந்தார். அந்தத் துயரத்துக்கு நடுவிலும் ஆய்வு தொடர்ந்தது. இருபுறமும் துளையுள்ள உருண்டைக் கலங்களைப் பல அளவுகளில் செய்வித்தார். சிறிய துளையைக் காதில் பொருத்திக்கொண்டால், ஒவ்வொரு கலமும் தனக்குரிய ஒரே சுரத்தை மட்டும் ஓங்கி ஒலித்தது. காலி போத்தலின் வாயில் ஊதினால் ஒரு சுரம் எழுமே, அதே தத்துவம்தான். போத்தலின் கழுத்தில் உள்ள காற்று ஒரு எடைக்கல் போல முன்னும் பின்னும் அசைகிறது. உள்ளே இருக்கும் காற்று சுருள்வில் போல அதைத் தள்ளுகிறது, இழுக்கிறது. இதற்கான கணக்கையும் அவர் வகுத்தார். 1863இல் வெளிவந்த அவரது இசையொலி நூல், பின்னாளில் திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமனைக் கவர்ந்தது. இராமன் நிதித்துறை அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே கல்கத்தாவில் ஆய்வு செய்தவர். மிருதங்கத்தின் நாதத்தையும் ஆராய்ந்தவர்.

1930இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ், குழாய் வைத்த ஒலிபெருக்கிப் பெட்டிக்குக் காப்புரிமை கோரினார். போத்தலின் கழுத்து இங்கே குழாயானது. போத்தலின் வயிறு பெட்டியானது. குழாய் நீண்டால் சுருதி இறங்கும். குழாயின் வாய் அகன்றால் சுருதி ஏறும். பெட்டியின் கொள்ளளவு நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். சுருதி சேர்ந்த அதிர்வெண்ணில் சப்வூஃபரின் கூம்பு குறைவாகவே அசையும். குழாய்க் காற்றுதான் பெரும்பாலும் பாடும். அதற்கும் கீழே போனால் கூம்புக்குக் காற்றின் பிடி இருக்காது. கட்டுப்பாடின்றி ஆடிக் கெட்டுவிடலாம்.

இப்போது என் தவறு புரிந்தது. பெட்டியின் வெளி அளவு 50, 40, 36 சென்டிமீட்டர். அதைப் பெருக்கி 72 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். 18 மில்லிமீட்டர் பலகையின் தடிப்பைக் கழித்தால் 55 லிட்டர்கூட வரவில்லை. சப்வூஃபரும் குழாயும் உள்ளே அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கழித்தால் மிஞ்சியது ஏறக்குறைய 49 லிட்டர். 25 சென்டிமீட்டர் நீளக் குழாயில் 32 ஹெர்ட்ஸ் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். கிடைத்ததோ 39க்கு அருகில். பழுது சப்வூஃபரில் இல்லை, என் கணக்கில்.

குழாயை 40 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீட்ட வேண்டியிருந்தது. நேராக வைத்தால் பின்பலகையை நெருங்கிவிடும் என்பதால் ஒரு வளைவு வைத்து ஒட்டினேன். பிறகு பாட்டைப் போட்டேன். மேளத்தின் அடி தனியாகவும் அதன் நாதம் தனியாகவும் கேட்டன. சாகாவின் கதவுகள் மட்டும் இன்னும் கடகடக்கின்றன.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1871இல் பெர்லினில் பௌதிகப் பேராசிரியரானார். சிறுவயதில் ஆசைப்பட்ட துறை சுமார் 50 வயதில் கைக்கு வந்தது. அங்கே அவரிடம் பயின்ற மாணவர்தான் வானொலி அலைகளைச் சோதனையில் நிரூபித்த ஹைன்ரிச் ஹெர்ட்ஸ். 1894 ஜனவரியில், 36 வயதில் மாணவர் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் ஆசிரியரும் மறைந்தார். என் பெட்டியின் மேல் நான் எழுதி வைத்திருக்கும் 32 ஹெர்ட்ஸ் என்பதில் உள்ள பெயர் அந்த மாணவருடையது. அதைக் கணக்கிடும் வழி அந்த ஆசிரியர் தந்தது.

கணக்கியல் வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது. நான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகள் பெட்டிக்கு.