தன் மக்களிடம் வெட்கத்தைப் பேசிய ஆயர்

கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்களைப் பற்றி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. நமக்கு நடந்தது அநியாயம் என்று நாம் சொல்கிறோம். அதே வார்த்தையைச் சிங்கள மக்களின் நடுவே நின்று, அவர்களில் ஒருவராக, அவர்களின் முகத்துக்கு நேரே யாராவது சொன்னார்களா?

சொன்னவர்கள் சிலர் உண்டு. அவர்களில் ஒருவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. கேகாலை மாவட்டத்தையும் உள்ளடக்கிய குருநாகல் அங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் ஆயராக 1962 முதல் 1983 வரை இருந்தவர்.

1927இல் பிறந்த அவர் வசதியும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை சி.எல். விக்கிரமசிங்க பிரித்தானியர் காலத்து சிவில் சேவையில் உயர் அதிகாரி. அண்ணன் எஸ்மண்டின் மகன்தான் பின்னாளில் ஜனாதிபதியான ரணில் விக்கிரமசிங்க. கொழும்பு றோயல் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் ஒக்ஸ்போர்ட்டிலும் படித்த லக்ஷ்மனுக்கு அரசாங்கப் பதவிகளின் கதவுகள் திறந்தே இருந்தன. அவர் குருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான குருவாகப் பணியாற்றினார். 35 வயதில் ஆயரானார்.

குருநாகல் மறைமாவட்டம் 1950இல்தான் உருவானது. பெரும்பாலும் பௌத்த கிராமங்களால் சூழப்பட்ட நிலம் அது. அதன் பேராலயமே கண்டிய மரபுக் கட்டடக் கலையில் எழுந்தது. அந்நியரின் மதம் என்று பார்க்கப்பட்ட கிறிஸ்தவத்தை அந்த மண்ணின் மொழியிலும் இசையிலும் வாழவைக்கும் முயற்சியை லக்ஷ்மன் தொடர்ந்தார். பௌத்தர்களுடனும் மார்க்சியர்களுடனும் உரையாடினார். அதற்காகத் தன் விசுவாசத்தை அவர் ஒளித்துவைக்கவில்லை. பிறருடைய நம்பிக்கையைத் தாழ்த்திப் பேசவும் இல்லை.

அவருடைய மறைமாவட்டத்தில் தமிழர்களும் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட தமிழ் மிஷனின் வழியாகக் கிறிஸ்தவர்களான குடும்பங்கள் அவர்களில் அடக்கம்.

முதல் பெரும் சோதனை 1971 ஏப்ரலில் வந்தது. ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது கேகாலை மாவட்டத்தின் சில பகுதிகள் கிளர்ச்சியாளரின் கைக்குப் போயின. அரசு அதைக் கடுமையாக ஒடுக்கியது. கிராமத்துச் சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சிறைகளிலும் தடுப்பு முகாம்களிலும் அடைக்கப்பட்டனர். ஆயுதம் ஏந்தியவர்களுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும் என்று பேசுவது அன்று எளிதல்ல. அந்த ஆண்டில் உருவான சிவில் உரிமைகள் இயக்கத்தில் லக்ஷ்மன் முன்னின்றார். பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபோது அதையும் அந்த இயக்கம் எதிர்த்தது. அந்தச் சட்டம் நம் வீடுகளுக்குள் என்ன செய்தது என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சப்ரகமுவத் தோட்டங்களின் நிலைமையை இங்கே சொல்ல வேண்டும். நுவரெலியாவில் தமிழர் திரளாக வாழ்கிறார்கள். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் அப்படி இல்லை. தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையில் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. இரவில் கூட்டமாக ஆட்கள் வந்தால் லயத்து மக்களுக்கு ஓட இடமில்லை. 1948இன் சட்டம் குடியுரிமையைப் பறித்திருந்தது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் முடிவு செய்தது. வாக்கில்லாதவர்களுக்காக வாய் திறக்க அரசியல்வாதிகளுக்கு அவசரம் இருக்கவில்லை.

1977 ஓகஸ்டில் வன்முறை தோட்டங்களுக்குள்ளும் நுழைந்தது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் எரிந்தன. வவுனியாவுக்குப் போனவர்களுக்குக் காந்தியம் அமைப்பு கைகொடுத்தது. கென்ட், டொலர் பண்ணைகளில் குடியேறியவர்கள் 1984இல் அங்கிருந்தும் விரட்டப்பட்டனர். பின்னர் வந்த போரின் ஒவ்வொரு இடப்பெயர்வும் அவர்களுக்கு இரண்டாவதோ மூன்றாவதோதான்.

1983 ஜூலையில் நாடு எரிந்தபோது லக்ஷ்மன் வெளிநாட்டில் இருந்தார். இருதய நோயாளியான அவர் திரும்பி வந்து பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்தார். செப்டெம்பரில் தன் மறைமாவட்டப் பேரவையின் முன் பேசினார். அதுவே அவருடைய கடைசிப் பேரவை உரை.

அதில் அவர் சொன்னதன் சாரம் இது. நிராயுதபாணிகளான தமிழர்கள்மீது பெரும்பாலும் சிங்களவர்கள் நடத்திய அந்தப் பழிவாங்கலுக்கு எந்த ஒழுக்க நியாயமும் கிடையாது. அது ஒழுக்கக் குற்றம். அதற்காகச் சிங்களவர்களாகிய நாம் வெட்கப்பட வேண்டும். அந்த வெட்கமும் சரியான காரணத்துக்காக இருக்க வேண்டும். உலகத்தின் முன் நாட்டின் பெயர் கெட்டுவிட்டதே என்பது போதாது.

அந்த நாள்களை நினைத்துப் பாருங்கள். நடந்தது சிங்கள மக்களின் இயல்பான கோபம் என்பதே ஆட்சியாளர்களின் பேச்சாக இருந்தது. அந்த அரசின் அமைச்சரவையில் அவருடைய அண்ணன் மகனும் இருந்தார். அப்படிப்பட்ட வேளையில் அவர் குண்டர்கள் என்றோ அரசு என்றோ சொல்லித் தன்னை விலக்கிக்கொண்டிருக்கலாம். நாம் என்ற சொல்லைத்தான் எடுத்தார். கிறிஸ்தவ வழிபாட்டில் பாவ அறிக்கை செய்கிறவர் அடுத்தவருடைய பாவத்தைச் சொல்வதில்லை, தம்முடையதையே சொல்கிறார். அதை அவர் ஆலயத்துக்கு வெளியே, இனத்தின் பெயரால் செய்தார். தமிழ்த் தரப்பின் ஆயுத வன்முறையை அவர் ஏற்றுக்கொண்டவரும் அல்லர். ஆனால் அதைக் காரணமாகக் காட்டி ஜூலையை நியாயப்படுத்த இடம் கொடுக்கவில்லை.

1983 ஒக்டோபர் 23ஆம் திகதி மாரடைப்பால் அவர் இறந்தார். வயது 56.

ஜூலை வன்முறைக்காக நாட்டின் ஜனாதிபதி ஒருவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க 2004 வரை, 21 ஆண்டுகள் ஆயின. அதைச் செய்தவர் சந்திரிகா குமாரதுங்க. லக்ஷ்மனுக்கு இரண்டு மாதங்கள் போதுமாக இருந்தன. அவருடைய பேச்சு போரை நிறுத்தவில்லை. எரிந்த லயம் ஒன்றையும் திருப்பித் தரவில்லை. நம் இழப்புகளின் முன் அதை ஈடாக வைக்கவும் முடியாது.

இருந்தும் இந்த வாழ்க்கையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தன் சனத்தை வெறுக்காமலே அவர்கள் செய்த குற்றத்தைச் சொல்ல ஒருவரால் முடிந்திருக்கிறது. விசுவாசத்துக்காக நிற்பது என்றால் அவருக்கு அதுதான். பொறுப்புக்கூறல் பற்றி ஜெனீவாவில் வருடந்தோறும் பேசப்படுகிறது. அங்கே கேட்கப்படும் ஒப்புதலை 1983இலேயே ஒரு சிங்கள ஆயர் தன் சொந்தச் சபையின் முன் கொடுத்துவிட்டார். நம் தரப்பில் நடந்தவற்றைப் பற்றிப் பேசும்போது, 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களைப் பற்றிப் பேசும்போது, நாம் என்ற அந்தச் சொல்லை எடுக்க நமக்கும் அதே துணிவு தேவைப்படும்.