ஊக்கமும் அவாவும்: அறிஞர் சித்தி லெப்பை

உள்ளத்தை உந்தும் விசையைக் குறிக்கும் சொற்களை மாணவர்க்கு விளக்கப் புகும்போது, திருக்குறளின் இரண்டு அதிகாரத் தலைப்புகளை எடுத்துக்காட்டுவது என் வழக்கம். ஒன்று அவாவறுத்தல், மற்றொன்று ஊக்கமுடைமை. இரண்டும் மன எழுச்சியே. எனினும் ஒன்று களையப்படுவது, மற்றொன்று பேணப்படுவது. இவ்வேறுபாட்டை அகராதி கொண்டு விளக்குதல் அரிது. ஒருவர் வாழ்க்கை கொண்டு விளக்கலாம். கண்டியில் வாழும் எனக்கு அதற்கு உடனே நினைவில் வருபவர் முகம்மது காசிம் சித்தி லெப்பை.

1838ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்தவர் அன்னார். தந்தையாரைப் போலவே பிரக்கிராசியாராகிப் பொருளும் புகழும் ஈட்டினார். அவா ஒன்றே உந்தியிருப்பின் அத்தொழிலிலேயே நிலைத்திருப்பார். ஆனால் 1882 திசம்பரில் 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையைக் கண்டியிலிருந்து தொடங்கினார். நட்டம் தரும் தொழில் அது என்பதைப் பத்திரிகை நடத்தியோர் அறிவர்.

அக்காலத்து முஸ்லிம் பெற்றோர் பலர், மிசன் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பினால் மார்க்கம் பறிபோகும் என்று அஞ்சினர். அவ்வச்சத்தை நான் இகழேன். அது பற்றினின்றும் பிறந்தது. சித்தி லெப்பையை உந்தியதும் அதே பற்றுத்தான். அவர்களை அது வீட்டுக்குள் நிறுத்தியது. இவரைத் தாமே பாடசாலை கட்டத் தூண்டியது. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த அராபி பாஷாவின் நட்பு இம்முயற்சிக்கு வலுவூட்டியது. 1884இல் கொழும்பில் தொடங்கிய பாடசாலை விரைவில் நலிந்தது. 1892இல் வாப்பிச்சி மரைக்காரின் துணையோடு மீண்டெழுந்து, நாளடைவில் சாஹிறாக் கல்லூரியாயிற்று. கண்டியில் பெண்களுக்கும் பாடசாலை அமைத்து, அதன் பொறுப்பைத் தம் உடன்பிறந்த முத்து நாச்சியாவிடம் ஒப்படைத்தார். பெண்கல்விக்கு ஆடவரே தயங்கிய நாளில், தம் குடும்பத்துப் பெண்ணையே அவர் முன்னிறுத்தியதை எத்துணை பாராட்டினும் தகும்.

1885இல் வெளிவந்த அவரது 'அசன்பே சரித்திரம்' ஈழத்து முதல் தமிழ் நாவலாக மதிக்கப்படுவது. 'பிரதாப முதலியார் சரித்திரம்' தோன்றி ஆறாண்டே கழிந்திருந்தது. அரபுச் சொல் விரவிய அவர் நடையை என் போன்ற பண்டிதர் சிலர் ஏற்கார். கடையில் இருந்து கணக்கெழுதியவனும் படித்து உணரும் நடை அது என்பதனால் எனக்கு அது உவப்பே.

அரபியில் உள்ளத்தின் இவ்விசைக்கு 'நப்ஸு' என்பது பெயர். தீமைக்கு ஏவுவது, தன்னையே கடிந்துகொள்வது, அமைதியுற்றது என அதனை மூன்று நிலைகளில் வைத்துப் பேசுவர் ஞானிகள். விசையை அழித்தல் அன்று, நிலை மாற்றுதலே அங்கே நோக்கம். தமிழில் அவா என்றும் ஊக்கம் என்றும் இரு சொற்களாகப் பிரிந்து நிற்பது, ஆண்டு ஒரு சொல்லின் வளர்ச்சியாக அமைகின்றது. ஞானவழியில் ஆழ்ந்த ஈடுபாடுடைய சித்தி லெப்பை, வழக்குகளையும் பத்திரிகையையும் கடந்து இறுதியில் அத்துறையிலேயே எழுதினார். 'அஸ்ராறுல் ஆலம்' என்னும் அந்நூல் 1897இல் வெளிவந்தது. மறு ஆண்டு பெப்ருவரியில் அவர் கண்டியிற் காலமானார்.