சிரித்துக்கொண்டே வாள் வீசியவர்

மாத்தளையிலிருந்து கண்டி வழியாக நாவலப்பிட்டிக்குப் போய்ச் சேர அரை நாட்பொழுது போதும். அந்த மலையூரிலே 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மேலக்கத்துக் கோபால மேனனும் மருதூர் சத்தியபாமாவும் அதன் பெற்றோர். இராமச்சந்திரன் என்பது அதற்கு இட்ட பெயர். பின்னாளில் எம்.ஜி.ஆர். என்ற மூன்றெழுத்தாலே தமிழுலகம் முழுவதும் அறியப்பட்டவர் அவரே.

எங்கள் மலையக மக்கள் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடினர். அதற்கு இந்தப் பிறப்பிடம் ஒரு காரணந்தான். ஆனால் முழுக் காரணமன்று. அவர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலே தோன்றியவர் அல்லர். இம்மண் அவர் காலில் ஒட்டியிருந்த காலமும் மிகச் சிறிது. எங்கள் மக்களை அவர்பால் ஈர்த்தவை அவருடைய சண்டைப் படங்களே. சண்டைக்குள் சிரிப்பையும், சிரிப்புக்குள் சண்டையையும் வைத்துத் தந்த அப்படங்களின் கவர்ச்சி எது, குறை எது என்பதை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்து எண்ணிப் பார்க்க விழைகின்றேன். அவற்றைப் பார்த்து வளர்ந்தவன் நான். பிற்காலத்தில் ஆசிரியனாக நின்று, பார்த்து வளரும் பிள்ளைகளையும் கண்டவன். ஆகவே இதை எழுதும் உரிமையோடு ஒரு கடமையும் எனக்கு உண்டு.

நாடகக் கம்பனியின் பிள்ளை

இராமச்சந்திரன் அறியாப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாயார் பிள்ளைகளோடு தமிழ்நாட்டுக்குச் சென்று கும்பகோணத்திலே குடியேறினார். வறுமை அவ்வீட்டிலே நிரந்தர விருந்தாளியாயிற்று. பள்ளிப் படிப்பு இடையிலே நின்றது. அண்ணன் சக்கரபாணியும் தம்பி இராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பனியிலே சேர்ந்தனர். மகன் கலைஞனாக வேண்டும் என்ற ஆசையைவிட, மகனுக்கு வேளைக்குச் சோறு கிடைக்க வேண்டும் என்ற தவிப்பே அத்தாயின் உள்ளத்தில் மேலோங்கி நின்றிருக்கும் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை.

அக்காலத்துப் பாலர் நாடகக் கம்பனி ஒரு குருகுலம். அங்கே பாட்டும், ஆட்டமும், வசனமும், வாட்பயிற்சியும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. நகைச்சுவையில் வல்லவரான காளி என். இரத்தினம் அக்கம்பனியின் ஆசான்களுள் ஒருவர். பாட்டிலும் சிலம்பத்திலும் பெயர் பெற்ற பி.யு. சின்னப்பா அங்கே பயின்ற மூத்தவர். சண்டை ஒரு கலை, சிரிப்பு வேறொரு கலை என்று பிரித்துப் பார்க்காத கல்வி அது. காலை எங்கே ஊன்றுவது, கண்ணை எங்கே நிறுத்துவது, எந்த மாத்திரையில் திரும்புவது என்பவை இரண்டுக்கும் பொதுவான பாடங்கள். மாத்திரை தவறினால் வீச்சும் வீணாகும், வேடிக்கையும் வீணாகும்.

உலகின் வேறொரு மூலையிலும் இதே கல்வி இதே பயனைத் தந்தது. ஹொங்கொங்கிலே சீன இசைநாடகப் பள்ளியொன்றிற் பிள்ளைப் பருவம் முழுவதையும் கழித்தவர் ஜாக்கி சான். 1973இல் புரூஸ் லீ மறைந்த பின்னர், சினமே உருவான அவருடைய பாணியை விட்டு விலகி, அடிபட்டு விழுந்து, விழுந்த இடத்திலேயே சிரிக்க வைக்கும் சண்டைப் படங்களை 1978 முதல் ஜாக்கி சான் தந்தார். மதுரைக் கம்பனியும் ஹொங்கொங் பள்ளியும் ஒன்றையொன்று அறிந்தவையல்ல. எனினும், ஏழைப் பிள்ளைகளின் உடம்பைச் சிறு வயதிலேயே வளைத்து உருவாக்கிய இரண்டு பட்டறைகளிலிருந்தும் சிரித்துக்கொண்டே சண்டையிடும் நாயகர்கள் வெளிவந்தனர் என்பது கருதத் தக்கது.

பத்தாண்டுக் காத்திருப்பு

1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் ஒரு சிறு பொலிஸ் அதிகாரி வேடம் இராமச்சந்திரனுக்குக் கிடைத்தது. அதன் பின்னர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் சிறு வேடங்களிலேயே தேய்ந்தார். 1947இல் ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கிய ‘ராஜகுமாரி’ அவரைக் கதாநாயகனாக்கியது. அப்போது அவருக்கு வயது 30. அப்படத்தில் அவரோடு மோதிய சாண்டோ சின்னப்பா தேவர், பின்னர் அவரை வைத்துப் பல படங்களை எடுத்த தயாரிப்பாளரானார்.

‘மந்திரி குமாரி’ (1950), ‘மர்மயோகி’ (1951), ‘மலைக்கள்ளன்’ (1954), ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), ‘மதுரை வீரன்’ (1956) எனப் படிகள் உயர்ந்தன. 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்தைத் தாமே தயாரித்து, தாமே இயக்கி, இரு வேடங்களிலும் தாமே நடித்தார். அதுவரை பிறர் கொடுத்த வாளை வீசியவர், அன்று தமக்கென ஒரு வாளை வடித்துக்கொண்டார் எனலாம்.

கவர்ச்சி யாது?

எங்கள் தோட்டத்திலே என் தந்தையார் சிலம்பம் அறிந்தவர். கோயில் திருவிழாக் காலத்திலே லயத்துக்கு முன்னாலுள்ள வெளியில், நெற்றி மட்டத்துக்கு உயர்ந்த கம்பை எடுத்து வணங்கி அவர் வீடு கட்டி ஆடத் தொடங்கினால், தப்பொலி கூட அவர் காலைப் பின்பற்றுவதாகத் தோன்றும். பகல் முழுவதும் துரைக்கும் கங்காணிக்கும் முன்னால் தலை குனிந்து நிற்கும் அதே மனிதர், கம்பைத் தொட்டதும் ஓர் அடி வளர்ந்துவிடுவார். ‘பெரிய இடத்துப் பெண்’ (1963) படத்தில் எம்.ஜி.ஆர். சிலம்பம் ஆடும் காட்சியை மாத்தளை நகரத்துத் திரையரங்கிலே பார்த்தபோது என் தந்தையார் கைதட்டவில்லை. அவருடைய பாதங்கள் மட்டும் பெஞ்சுக்கு அடியில் அசைந்துகொண்டிருந்தன. திரையில் இருப்பவர் உண்மையாகவே கம்பு பிடிக்கத் தெரிந்தவர் என்பதை அந்தப் பாதங்கள் ஒப்புக்கொண்டன.

முதலாவது கவர்ச்சி அதுவே: வித்தை மெய்யானது. இரண்டாவது கவர்ச்சி, அவ்வித்தையைச் சினமின்றிக் காட்டிய பாங்கு. முதற் சில அடிகளைத் தாமே வாங்கிக்கொள்வார். உதட்டிற் கசிந்த இரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டுப் புன்னகை புரிவார். எதிரியின் வாள் கீழே விழுந்தால், அதை எடுத்துக்கொள்ள இடங்கொடுப்பார். பி.எஸ். வீரப்பாவின் இடிச்சிரிப்புக்கும், எம்.என். நம்பியாரின் உறுத்த விழிக்கும் எதிரே அந்தப் புன்னகை ஒரு கேடயமாக நின்றது. வலியவன் முன்னே மெலியவன் சிரிக்க முடியுமானால், அச்சம் பாதி தோற்றுவிட்டது என்று பொருள். இடையிடையே தங்கவேலுவும் சந்திரபாபுவும் நாகேஷும் வந்து அந்த அச்சத்தின் மறு பாதியையும் கரைத்துவிடுவார்கள்.

இதன் முழு வலிமையையும் நாங்கள் உணர்ந்தவை 1965இல் வெளிவந்த இரண்டு படங்கள். ‘எங்க வீட்டுப் பிள்ளை’யிலே ஒருவன் கோழை, அவனைப் போலவே உருக்கொண்ட மற்றவன் வீரன். ஆள் மாறிப்போவதால் விளையும் சிரிப்பும், கோழையை வதைத்த சாட்டை கை மாறும் காட்சியும் ஒரே கதைக்குள் அமைந்தன. ‘ஆயிரத்தில் ஒருவன்’, 1935இல் வெளிவந்த ‘கப்டன் பிளட்’ என்னும் ஹொலிவூட் படத்தைத் தழுவியது. ஒரு வைத்தியன் தன் தோழர்களோடு தீவொன்றுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அடிமையாக விற்கப்படுகின்றான். பின்னர் விடுதலைக்காக வாளேந்துகின்றான்.

இக்கதை எங்களுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து, தம்புள்ளையையும் மாத்தளையையும் தாண்டித் தோட்டங்களை அடைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்தோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எவர் எங்கே போவது என்று குடும்பங்கள் கலங்கி நின்ற அந்நாட்களில், 1965இலேயே எம்.ஜி.ஆர். இலங்கைக்கு வந்தார். வாக்குரிமை இல்லாதவர்கள், தம் கையை உயர்த்தக் கூடிய ஒரே இடம் திரையரங்காக இருந்தது. அந்தக் கவர்ச்சியைக் கண்மூடித்தனம் என்று எள்ளுவோர், அந்த இருட்டுக்குள் எங்களோடு அமர்ந்திருக்கவில்லை.

குறை யாது?

எனினும், நன்றி மறவாமை வேறு. குறை காணாமை வேறு. மூன்று குறைகளை நான் காண்கின்றேன்.

முதலாவது, பெண்களைக் குறித்தது. செருக்குற்ற செல்வப் பெண்ணை அடக்கி வழிக்குக் கொண்டுவருவது இப்படங்களில் ஒரு வேடிக்கையாக மீண்டும் மீண்டும் வருகின்றது. ‘பெரிய இடத்துப் பெண்’ணே அதற்குச் சான்று. எங்கள் தோட்டங்களிலே விடியற்காலையில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறி, குடும்பத்தைத் தாங்கியவர்கள் பெண்கள். அடக்கப்பட வேண்டிய செருக்கு அவர்களிடம் இல்லை. அவர்களுக்காக எழுதப்பட்ட வேடமும் அப்படங்களில் அரிது.

இரண்டாவது, முடிவு முன்னரே தெரிந்த சண்டை. நாயகனைச் சூழ்ந்து நிற்கும் பத்துப் பேரும் முறை வைத்து ஒவ்வொருவராகவே பாய்கின்றனர், ஒவ்வொருவராகவே விழுகின்றனர். விழுந்தவனுக்கு வலியில்லை, அவனுக்கு ஒரு வீடும் இல்லை. வலியில்லாத அடியைப் பார்த்துச் சிரித்துப் பழகிய பிள்ளை, பள்ளி முற்றத்திலே தன் தோழனை அடித்துவிட்டு, அவன் ஏன் அழுகின்றான் என்று புரியாமல் நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன்.

மூன்றாவதே பெரிய குறை. நீதி என்பது ஒரு தனி மனிதனின் தோள்வலியிலிருந்து பிறக்கின்றது என்று இப்படங்கள் கற்பித்தன. ஊர் முழுவதும் கைகட்டி நிற்கும், ஒருவர் வருவார், எல்லாம் நேராகும். காத்திருக்கப் பழகிய எங்களுக்கு இது இன்னும் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தது.

உடம்பு சொன்ன உண்மை

இக்குறைக்கு மறுமொழி எம்.ஜி.ஆருடைய வாழ்க்கையிலேயே இருக்கின்றது. 1959இல் சீர்காழியிலே ‘இன்பக் கனவு’ நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, மல்லர் குண்டுமணியோடு மோதும் காட்சியில் அவருடைய கால் எலும்பு முறிந்தது. மீண்டு வந்து அதே காலால் மேலும் பல ஆண்டுகள் சண்டைக் காட்சிகளில் நின்றார். 1967 ஜனவரி 12ஆம் நாள், சக நடிகர் எம்.ஆர். ராதாவின் துப்பாக்கிக் குண்டு அவர் கழுத்திற் பாய்ந்தது. உயிர் தப்பியது, குரல் சிதைந்தது. திரையிலே எத்தனையோ குண்டுகளுக்குத் தப்பியவரை, வீட்டுக்குள் வந்த ஒரு குண்டு தப்ப விடவில்லை. அவரைக் காத்தவை அவருடைய கைகளல்ல, மருத்துவர்களின் கைகள். அத்தேர்தலிலே மருத்துவமனையில் இருந்தபடியே அவர் சட்டமன்றத்துக்குத் தெரிவானதும் பிறர் உழைப்பாலேதான்.

அவர் 1971இல் வெளிவந்த ‘ரிக்ஷாக்காரன்’ படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றார். 1972இல் தனிக் கட்சி கண்டார். 1973இல் தாமே இயக்கிய ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளிவந்தது. 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். 1987 டிசம்பர் 24ஆம் நாள் மறையும்வரை, 1980இல் ஏற்பட்ட சிறு இடைவெளி நீங்கலாக, அப்பதவியில் இருந்தார். அவருடைய ஆட்சியைப் பற்றிப் பலரும் பலவாறு கூறுவர். ஆனால் 1982இல் அவர் விரிவாகத் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தை மறுத்துரைப்பார் அரியர். பசியினால் பள்ளியை இழந்த பிள்ளை, பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் பசியைத் தீர்த்தது. அதைச் செய்தது வாளன்று. ஊர்தோறும் அடுப்பு மூட்டிய ஆயிரமாயிரம் பெண்களின் அகப்பை. தனி ஒருவனின் கையைக் கொண்டாடிய நாயகர், தம் வாழ்வின் மிகச் சிறந்த செயலைப் பல கைகளைக் கொண்டே செய்து முடித்தார்.

எனக்கு இதைக் கற்பித்தது 1983 ஜூலை மாதம். மாத்தளையிலே கடைகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன. எங்கள் லயத்தின் மூலையிலே என் தந்தையாரின் சிலம்பக் கம்பு சாய்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், தொடவில்லை. தீவட்டியோடு வரும் கூட்டம் ஒவ்வொருவராக முறை வைத்து வராது என்பதை அவர் அறிவார். அன்றிரவு தோட்டத்து எல்லையில் வாழ்ந்த ஒரு சிங்களக் குடியானவர் எங்களைத் தம் வீட்டுக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். அவருடைய மனைவி குழந்தைகளுக்குக் கஞ்சி வார்த்தார். தெருவில் வந்தவர்களுக்கு அவர் என்ன சொல்லி அனுப்பினார் என்பதை நான் இன்றுவரை அறியேன். கம்பு இல்லை, வாள் இல்லை, கைதட்டலும் இல்லை. அந்தக் கதவு திறக்கவில்லை, நாங்கள் பிழைத்தோம்.

ஆயினும் சில மாதங்களின் பின்னர் என் தந்தையார் மீண்டும் எம்.ஜி.ஆர். படம் பார்க்க விரும்பினார். நான் வியப்போடு அவரை நோக்கினேன். படம் ஓடத் தொடங்கியது. வாள் கை மாறியது. எதிரி கால் இடறி விழுந்தான். பல மாதங்களாகச் சிரிப்பை மறந்திருந்த என் தந்தையார் சிரித்தார். பெஞ்சுக்கு அடியில் அவருடைய பாதங்கள் மெல்ல அசைந்தன.

அன்று முதல் அப்படங்களை நான் இகழ்ந்ததில்லை. இன்று கைபேசியிலே அச்சண்டைகளைப் பார்த்துச் சிரிக்கும் பேரப்பிள்ளைகளை நான் தடுப்பதுமில்லை. நிமிர்ந்து நிற்பதையும், சினமின்றிப் போராடுவதையும் அப்படங்களிலிருந்து அவர்கள் கற்கட்டும். யாரோ ஒருவர் வந்து நம்மை மீட்பார் என்பதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். படம் முடிந்த பின்பு, கால் முறிந்த நாயகரின் கதையையும், கதவைச் சாத்திய மனிதரின் கதையையும் அவர்களுக்கு நான் சேர்த்தே சொல்லுகின்றேன்.